எங்கே பயிற்சி? யார் மேற்பார்வை?

உயர்தரப் பெறுபேறு வெளியான நாளிலிருந்து நமது வீடுகளில் மூன்று கேள்விகள் ஓயாமல் எழும். இஸட் புள்ளி எவ்வளவு? எந்தக் கம்பஸ் கிடைக்கும்? என்ன கோர்ஸ்? மாமி கேட்பார், சாச்சா கேட்பார், ஜும்ஆ முடிந்து வரும் வழியில் வாப்பாவை நிறுத்தி நாலு பேர் கேட்பார்கள். நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டிய நான்காவது கேள்வி ஒன்றுண்டு. அதைக் கேட்கும் பெற்றோர் மிகக் குறைவு. "இந்தப் பட்டப்படிப்பில் தொழிற்களப் பயிற்சி உண்டா? அங்கே பிள்ளையை மேற்பார்வை செய்வது யார்?"

தொழிற்களப் பயிற்சி என்பது, பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தமது படிப்பின் ஒரு பகுதியாகவே ஒரு வேலைத்தலத்துக்குச் சென்று, அனுபவம் உள்ள ஒருவரின் கண்காணிப்பில் சில மாதங்கள் வேலை பழகுவதாகும். சில பீடங்களில் இதனை உள்ளகப் பயிற்சி என்கிறார்கள். சிலவற்றில் கைத்தொழிற் பயிற்சி என்கிறார்கள். பெயர் எதுவானாலும், அதில் 'மேற்பார்வை' என்ற சொல் உண்மையாக இருக்கிறதா என்பதில்தான் அதன் பயன் முழுவதும் தங்கியிருக்கிறது. மேற்பார்வை உள்ள பயிற்சி நமது பெண் பிள்ளைகளின் பட்டத்துக்கு உயிர் கொடுக்கும். அது பெற்றோரின் அச்சத்துக்கும் பதில் சொல்லும். ஆகவே நாம் பயிற்சியைக் கண்டு ஒதுங்காமல், முறையான மேற்பார்வையோடு அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பட்டம் இருந்தும் ஏன் தடுமாற்றம்?

ஒவ்வோர் ஆண்டும் நமது அரச பல்கலைக்கழகங்களுக்கு 40,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் அனுமதி பெறுகின்றனர். அவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் தொழிற்படையைப் பாருங்கள். வேலை செய்கின்ற அல்லது வேலை தேடுகின்ற பெண்களின் பங்கு, வேலை செய்யும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒன்றை அண்மித்ததாகவே நீண்ட காலமாக இருந்து வருகிறது. ஆண்களிலோ பத்துப் பேரில் ஏழு பேர் அளவில் தொழிற்படையில் இருக்கின்றனர். உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே வேலையின்மை கூடுதலாக இருப்பதையும், அவர்களுள் பெண்களின் நிலை இன்னும் மோசமாக இருப்பதையும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை ஆய்வுகள் ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. படிக்க வைக்கின்ற வேகத்துக்கும் படித்தவர்கள் தொழிலில் அமர்கின்ற வேகத்துக்கும் இடையில் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது.

இந்தப் பள்ளத்தை நிரப்ப அரசாங்கங்கள் பல முறை முயன்றுள்ளன. 2020 ஆம் ஆண்டில் 50,000 அளவிலான பட்டதாரிகளைப் பயிலுனர்களாகச் சேர்த்து, மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் ஒரு வருடப் பயிற்சி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டதை நாம் அறிவோம். அதனால் பல குடும்பங்களில் அடுப்பு எரிந்தது; அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் ஒரு விடயம் யோசிக்கத்தக்கது. மூன்று, நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் வேலைக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, அதன் பிறகுதானா ஒரு காரியாலயம் எப்படி நடக்கிறது என்று பழக வேண்டும்? அந்தப் பழக்கம் படிக்கும் காலத்திலேயே கிடைத்திருந்தால், தனியார் துறையிலோ சுயமாகவோ வழி தேடிக்கொள்ளும் துணிவு பலருக்கு முன்னரே வந்திருக்கும்.

முன்மாதிரிகள் நம்மிடமே உள்ளன

மேற்பார்வையின் கீழ் பழகுவது நமது நாட்டுக்குப் புதிதல்ல. எம்.பி.பி.எஸ். இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்த ஒருவர், வைத்திய நிபுணர்களின் கீழ் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி பெற்ற பின்னரே முழுமையாகப் பதிவு பெற்ற வைத்தியராகிறார். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் கைத்தொழிற் பயிற்சிக்குச் செல்கிறார்கள். சட்டக் கல்லூரி மாணவர் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்வதற்கு முன் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம் பயிலுனராக இருக்க வேண்டும். பட்டயக் கணக்காளராக வர விரும்புபவருக்குப் பரீட்சைகள் மட்டும் போதாது. பல ஆண்டு நடைமுறைப் பயிற்சியும் வேண்டும். அட்டாளைச்சேனை போன்ற தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்றாண்டுக் கற்கையின் கடைசி ஆண்டு முழுவதும் பாடசாலையில் கட்டுறு பயிற்சியாகவே கழிகிறது. பயிலுனர் முறைக்கென்று 1971 இலேயே நம் நாட்டில் தனிச் சட்டமும் வந்துவிட்டது.

இந்தத் தொழில்களுக்கு உள்ள மதிப்புக்கும் இந்தப் பயிற்சிக்கும் தொடர்பு இருக்கிறது. வாட்டில் ஒரு நாளும் நின்று பழகாத வைத்தியரிடம் நம் பிள்ளையைக் கொண்டுபோக நாம் துணிய மாட்டோம். அப்படியானால், ஒரு கணக்கு அலுவலகத்திலும் இருந்து பழகாத முகாமைத்துவப் பட்டதாரியை ஒரு கம்பனி நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

நமது பிள்ளைகளில் பெரும்பாலோர் வைத்தியத்துக்கோ பொறியியலுக்கோ போவதில்லை. கலை, முகாமைத்துவம், இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழி ஆகிய துறைகளுக்கே போகிறார்கள். வெளிவாரிப் பட்டம் படிப்போரும் பலர். இந்தத் துறைகளுக்குப் பயிற்சி பின்தங்கியே வந்து சேர்ந்தது. இப்போது நிலைமை மெல்ல மாறி வருகிறது. முகாமைத்துவ பீடங்களில் உள்ளகப் பயிற்சி பரவலாகிவிட்டது. கலைப் பீடங்களிலும் ஆங்காங்கே இடம்பிடித்துள்ளது. உலக வங்கியின் கடனுதவியுடன் 2017 இல் தொடங்கிய உயர்கல்வி விரிவாக்கத் திட்டமும் பட்டதாரிகளின் தொழில் தகைமையை உயர்த்துவதை ஒரு நோக்கமாகக் கொண்டிருந்தது. ஆனாலும் வெளிவாரியாகப் படிக்கும் பிள்ளைக்குப் பயிற்சிக்கான இடத்தை யாரும் தேடிக் கொடுப்பதில்லை. அவளுக்குத்தான் அது அதிகம் தேவை.

மேற்பார்வை என்ன செய்கிறது?

வர்த்தகப் பிரிவில் படிக்கும் எமது மாணவிகளுக்கு நன்கு தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கிணக்கக் கூற்று. வினாத்தாளில் எல்லாத் தரவும் தரப்பட்டிருக்கும். கொடுப்பனவுக்கு முன்னிலைப்படுத்தப்படாத காசோலை இவ்வளவு, வங்கிக் கட்டணம் இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். கூட்ட வேண்டியதைக் கூட்டி, கழிக்க வேண்டியதைக் கழித்தால் விடை வந்துவிடும்.

அலுவலகத்தில் அப்படி யாரும் எழுதித் தருவதில்லை. காசேட்டில் ஒரு மீதி, வங்கிக் கூற்றில் வேறொரு மீதி. காரணம் என்ன என்று அவளேதான் தேட வேண்டும். தெரிந்த எல்லாவற்றையும் சரிசெய்த பின்னும் 9,000 ரூபா வித்தியாசம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு வந்த பிள்ளை காலையிலிருந்து ஒவ்வொரு பற்றுச்சீட்டாகப் புரட்டுகிறாள். மேற்பார்வையாளர் அருகில் வந்து ஒரு வார்த்தை சொல்கிறார்: "வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், மகள். மிச்சம் இல்லாமல் வகுபட்டால், யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம்." அவள் மீண்டும் தேடுகிறாள். 54,600 என்று எழுத வேண்டிய இடத்தில் 45,600 என்று எழுதப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தை பரீட்சைக்குப் படிக்கும்போது பெரும்பாலும் கிடைப்பதில்லை. அது பல வருடம் கணக்குப் பார்த்தவரின் கையில் இருக்கும் அறிவு. அவர் விடையைச் சொல்லாமல் தேடும் வழியை மட்டும் காட்டினார் என்பதையும் கவனியுங்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளை யாரையும் கேட்க மாட்டாள். மேற்பார்வை என்பது இதுதான்.

இனி அதே அலுவலகம், அதே பிள்ளை, மேற்பார்வை மட்டும் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். காலையில் வந்தவுடன் போட்டோ கொப்பி எடுக்கச் சொல்வார்கள். பின்னர் பழைய கோப்புகளை அடுக்கச் சொல்வார்கள். விருந்தினர் வந்தால் தேநீர். மூன்று மாதம் முடிந்ததும் கடிதத் தலைப்பில் ஒரு சான்றிதழ். அதில் "திறமையாகக் கடமையாற்றினார்" என்று இருக்கும். நேர்முகப் பரீட்சையில் "அங்கே என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் சொல்வதற்கு எதுவும் இராது. இத்தகைய பயிற்சி இலவச வேலையாள் பிடிக்கும் வழி மட்டுமே. பிள்ளையின் காலத்தையும் பெற்றோரின் பஸ் காசையும் அது வீணாக்குகிறது.

முறையான பயிற்சியில் இரண்டு மேற்பார்வையாளர்கள் இருப்பார்கள். ஒருவர் வேலைத்தலத்தில், மற்றவர் பல்கலைக்கழகத்தில். மாணவி ஒவ்வொரு நாளும் என்ன செய்தாள், என்ன கற்றாள் என்பதை நாட்குறிப்பேட்டில் எழுதுவாள். வேலைத்தல மேற்பார்வையாளர் வாரந்தோறும் அதைப் பார்த்துக் கையொப்பமிடுவார். விரிவுரையாளர் இடையில் நேரில் வந்து பார்ப்பார், அல்லது தொலைபேசியில் விசாரிப்பார். இறுதியில் அறிக்கையும் மதிப்பீடும் இருக்கும்.

நேரக் கணக்கிலும் இது சிறிய விடயமல்ல. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி, சாதாரண பாடத்தில் ஒரு திறமைப் புள்ளிக்கு 50 மணித்தியாலக் கற்றல் கணக்கிடப்படும்போது, கைத்தொழிற் பயிற்சியில் ஒரு புள்ளிக்குக் குறைந்தது 100 மணித்தியாலம் வேண்டும். ஆறு புள்ளிப் பயிற்சி என்றால் 600 மணித்தியாலம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்று பார்த்தாலும் 75 நாட்கள், அதாவது பதினைந்து வேலை வாரங்கள். இவ்வளவு காலத்தை யாருடைய கண்ணும் படாமல் கழிய விடலாமா?

கலைப் பிரிவுக்கு எதற்குப் பயிற்சி?

இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் வேலையாட்களை வார்க்கும் தொழிற்சாலை அல்ல, அறிவு அறிவுக்காகவே தேடப்பட வேண்டும் என்பது அவர்களது வாதம். அதில் உண்மை இருக்கிறது. இலக்கியமும் வரலாறும் படிப்பவர் மனிதரைப் படிக்கிறார். அதன் பெறுமதியைச் சம்பளத்தால் அளக்க முடியாது. ஆனால் அந்த அறிவுக்கு வெளியே வேலை இருக்கிறது என்பதை அந்த மாணவி தன் கண்ணால் கண்டால், அவளது படிப்பு குறைந்துவிடாது, கூர்மையடையும்.

மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்வோம். சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆனாலும் சிங்களத்தில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துச் சொல்ல ஆள் தேடும் நமது முதியவர்களை எந்தப் பிரதேச செயலகத்தின் வாசலிலும் காணலாம். அரச அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை பல காலமாகப் பேசப்படும் குறை. மொழி படிக்கும் ஒரு மாணவி, ஓர் அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளரின் கீழ் மூன்று மாதம் இருந்து கடிதங்களையும் அறிவித்தல்களையும் மொழிபெயர்த்துப் பழகினால், தன் படிப்பு எங்கே பயன்படும் என்பது அவளுக்குப் புரியும். வரலாறு படிப்பவருக்குச் சுவடிக் காப்பகம் இருக்கிறது; சமூகவியல் படிப்பவருக்குச் சமூக சேவைப் பிரிவு இருக்கிறது. பத்திரிகை, வானொலி, நூலகம், பதிப்பகம் என்று இடங்களுக்குக் குறைவில்லை. இஸ்லாமியக் கற்கைகள் படிப்பவர் வட்டியில்லா வங்கிப் பிரிவுகளிலும் குடும்ப ஆலோசனை நிலையங்களிலும் பழகலாம்.

மொழி தொடர்பான இன்னொரு நன்மையும் உண்டு. நமது பிள்ளைகளில் பலர் முதலாம் ஆண்டிலிருந்து உயர்தரம் வரை தமிழ் மொழி மூலம், தமிழ் பேசும் ஊரில், தமிழ் பேசும் தோழிகளோடு படித்தவர்கள். ஆங்கிலப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவருக்குக்கூட, தொலைபேசியை எடுத்து வாடிக்கையாளர் ஒருவரோடு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பேசச் சொன்னால் நா எழாது. வேலைத்தலத்தில் வேறு வழியில்லை; பேசியே ஆக வேண்டும். முதல் வாரம் தடுமாறுவாள். மூன்றாவது மாதம் சிங்களத் தோழியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். சமூகங்களுக்கிடையில் சந்தேகம் மலிந்துள்ள காலத்தில், ஒரே மேசையில் இருந்து வேலை பழகிய இரண்டு பிள்ளைகளின் நட்பு சிறிய காரியமல்ல.

நமது மரபில் இது இல்லையா?

பேருவளையில் மாணிக்க வியாபாரம் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைப் புத்தகத்தில் படித்தவர் யாருமில்லை. வாப்பாவுக்கு அருகிலோ மாமாவுக்கு அருகிலோ வருடக்கணக்கில் இருந்து பார்த்தே பழகினார்கள். மருதமுனையில் கைத்தறி தலைமுறை தலைமுறையாக வந்ததும் அப்படித்தான். நூல் சுற்றத் தொடங்கிய சிறு பெண், பாவோட்டத்தையும் நெசவையும் வீட்டுப் பெரியவர்களின் கண் முன்னே கற்றுக்கொண்டாள். இழை அறுந்தால் அவள் கையைப் பிடித்து முடிச்சுப் போடக் காட்டினார்கள். மேற்பார்வை என்ற சொல் அவர்களிடம் இல்லாதிருக்கலாம், மேற்பார்வை இருந்தது.

சூரத்துல் கஸஸில் வரும் மத்யன் வரலாற்றையும் இந்தக் கோணத்தில் நினைத்துப் பார்க்கலாம். மத்யனின் நீர்நிலைக்கு அருகில் இரண்டு பெண்கள் தமது ஆடுகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். தந்தை முதியவர்; வேலை அவர்கள் தலையில். இடையர்களின் நெருக்கடியே அவர்களுக்குத் தடையாக இருந்தது. மூஸா (அலை) அவர்கள் உதவியதும் அந்தத் தடை நீங்கியது. பின்னர் அப்பெண்களில் ஒருவரே அவரை வேலைக்கு அமர்த்தும்படி தந்தையிடம் ஆலோசனை சொன்னார். வேலைக்கு எடுப்பவரிடம் பார்க்க வேண்டிய தகுதிகளாக அவர் கூறியவை இரண்டு: ஆற்றல், நம்பகத்தன்மை. இன்றைய எந்த நிறுவனமும் ஒரு பயிலுனரிடம் தேடுவதும் அவற்றையே. அந்த முதியவரோ வேலை தொடங்கும் முன்னரே காலத்தைத் தெளிவாகப் பேசினார். எட்டு ஆண்டுகள், பத்தாக நிறைவு செய்வது மூஸாவின் விருப்பம், அவரைச் சிரமப்படுத்தும் எண்ணம் தமக்கில்லை என்றும் கூறினார். காலம், நிபந்தனை, சிரமம் கொடாமை ஆகிய மூன்றும் முன்கூட்டியே பேசப்பட்ட உடன்பாடு அது. நமது பிள்ளைகளின் பயிற்சிக்கும் அத்தகைய உடன்பாட்டையே நாம் கேட்கிறோம்.

பெற்றோரின் அச்சம்

பயிற்சி என்றதும் பெற்றோர் மனதில் எழும் அச்சங்களை அலட்சியம் செய்ய முடியாது. ஒலுவிலில் படிக்கும் பிள்ளைக்குக் கொழும்பில் பயிற்சி கிடைக்கிறது. முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். இரவு பஸ் பயணம். தங்குவது எங்கே? விடுதி நல்லதா? வேலைத்தலத்தில் ஹிஜாபோடு இருக்க விடுவார்களா? லுஹர் தொழ இடம் உண்டா? கூட வேலை செய்வோர் எப்படிப்பட்டவர்கள்? தங்குமிடச் செலவும் சாப்பாட்டுச் செலவும் பயிற்சிக் கொடுப்பனவை விழுங்கிவிடாதா? இவை ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி.

இவற்றுக்குப் பயந்து சில வீடுகளில் எடுக்கும் முடிவு என்ன? "பக்கத்தில் ஏதாவது ஒரு கடையில் கடிதம் வாங்கிக் கொடுத்துவிடு" என்பதுதான். பயிற்சிக்குப் போகாமலேயே போனதாக ஒரு கடிதம். அது பொய்ச் சாட்சி என்பதை ஒரு பக்கம் வைப்போம். அந்தக் கடிதத்தால் பாதிக்கப்படுவது நமது பிள்ளையே. பட்டம் கிடைத்த பின்னர் அதே மாதிரியான வேலைத்தலத்துக்குத்தான் அவள் போக வேண்டும். அப்போது விரிவுரையாளரின் துணை இல்லை. பல்கலைக்கழகத்தின் பொறுப்பும் இல்லை. தனியாக முகம் கொடுக்க வேண்டும். படிக்கும் காலத்தில் பிழைவிட்டால் அது கற்றல். வேலைக்குச் சேர்ந்த பின் பிழைவிட்டால் அது வேலையையே பறித்துவிடும்.

ஆகவே அச்சத்துக்கு உரிய பதில், அந்த அச்சத்தையே நிபந்தனையாக மாற்றுவதுதான். மேற்பார்வையாளர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு மூன்று மாணவிகளை ஒரே இடத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம். மாலையில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதை எழுத்தில் கேட்கலாம். தொழுகைக்கும் உடைக்கும் இடம் உண்டா என்பதை முதல் நாளுக்கு முன்னரே பல்கலைக்கழகத்தின் ஊடாக உறுதிப்படுத்தலாம். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் குற்றம் என்பதையும், அப்படி ஏதும் நடந்தால் யாரிடம் முறையிடுவது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து எத்தனையோ பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. "எது நடந்தாலும் எங்களிடம் சொல், உன் படிப்பை நிறுத்த மாட்டோம்" என்று உம்மாவும் வாப்பாவும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

"கலியாணம் முடித்துப் போகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்பாரும் உளர். கடந்த நாற்பது ஆண்டுகளில் நமது மக்கள் கண்டவற்றை மீட்டிப் பாருங்கள். யுத்தம், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றம், 2004 இல் சுனாமி, கொரோனா, 2022 இன் பொருளாதார நெருக்கடி. ஒவ்வொரு முறையும் ஒரே இரவில் குடும்பத்தின் சுமை பெண்ணின் தோளில் ஏறிய வீடுகள் எத்தனை! உழைப்பதும் உழைக்காமல் இருப்பதும் அந்தந்தக் குடும்பத்தின் தீர்மானம். ஆனால் தேவை வரும் நாளில் உழைக்கத் தெரிந்திருப்பது ஒரு பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பைச் சீதனமாகக் கொடுக்க முடியாது; பழகித்தான் பெற வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் பெண் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்த போதும் சமூகம் தயங்கியது. அந்தத் தயக்கத்தைக் கடந்து வந்ததாலேயே இன்று நமக்குப் பெண்கள் கல்லூரி இருக்கிறது; இந்த மலரும் இருக்கிறது. பாடசாலை வாசலைக் கடந்தோம், பல்கலைக்கழக வாசலையும் கடந்தோம். வேலைத்தலத்தின் வாசலில் நின்று தயங்குவது இப்போதைய தயக்கம்.

யார் என்ன செய்யலாம்?

முதலில் நமது ஊர்களிலுள்ள நிறுவனங்கள். நமது வியாபாரிகளும் கணக்காய்வாளர்களும் மருந்தக உரிமையாளர்களும் அச்சக உரிமையாளர்களும் ஆண்டுக்கு இரண்டு மாணவிகளுக்கு முறையான பயிற்சி கொடுக்க முன்வந்தால், தூரப் பயணம் என்ற பிரச்சினை பாதி தீரும். ஆனால் அது உதவிக்குக் கையொப்பமிட்ட கடிதமாக இருக்கக் கூடாது. ஒரு பக்கத்தில் எழுதிய உடன்பாடு இருக்க வேண்டும்: என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், யார் மேற்பார்வை, எவ்வளவு கொடுப்பனவு. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பது நமது மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கம். பயிலுனருக்குச் சம்பளம் கொடுக்க முடியாவிட்டாலும், பஸ் செலவையும் பகல் உணவையும் கொடுப்பது கடினமல்ல.

அடுத்து, கல்லூரியின் பழைய மாணவிகள். வங்கியில், வைத்தியசாலையில், நீதிமன்றத்தில், மென்பொருள் நிறுவனத்தில் என்று பல இடங்களில் அவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊரில் யார் இருக்கிறார், யாரால் ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்க முடியும், யாருடைய வீட்டுக்கு அருகில் நல்ல விடுதி இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரித்தால் போதும். பெரிய நிதி தேவையில்லை. கொழும்புக்குப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு, அங்கே நம் கல்லூரியில் படித்த தாத்தா ஒருவர் இருக்கிறார் என்ற தகவலே பெற்றோரின் நித்திரையைக் காப்பாற்றும்.

கொரோனாக் காலத்தின் பின் வீட்டிலிருந்தே பயிற்சி பெறும் வழியும் திறந்துள்ளது. மென்பொருள், வரைகலை, மொழிபெயர்ப்பு, கணக்கியல் ஆகிய துறைகளில் இது சாத்தியம். வெளியே போக முடியாத பிள்ளைக்கு அது ஓர் அருட்கொடை. ஆனால் போகக்கூடிய பிள்ளைக்கு அதை மாற்றாக ஆக்கிவிடக் கூடாது. திரையில் முகம் காட்டும் மேற்பார்வையாளரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை, பக்கத்து மேசையில் இருப்பவரிடம் எளிதாகக் கேட்டுவிடலாம்.

மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் நீண்ட மாதங்கள் காத்திருக்கிறீர்கள். அந்தக் காலத்திலேயே தொடங்குங்கள். பொது நூலகத்தில், முன்பள்ளியில், வீட்டுக்கு அருகிலுள்ள மருந்தகத்தில், வாப்பாவின் கடைக் கணக்கில், தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் சில வாரம் பழகுங்கள். ஒரு கொப்பி வைத்து, ஒவ்வொரு நாளும் கற்ற ஒன்றை எழுதுங்கள். பின்னர் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்குப் போகும்போது "என்ன வேலை தருவீர்கள்?" என்று காத்திருக்காமல், "நான் இதைச் செய்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். தேநீர் போடச் சொன்னால் போடுங்கள், அதில் குறைவில்லை. ஆனால் மூன்றாவது வாரமும் தேநீர் மட்டும்தான் என்றால், உங்கள் விரிவுரையாளருக்கு அறிவியுங்கள். அது முறைப்பாடு செய்வதாகாது. உங்கள் படிப்பைக் காப்பது.

பெற்றோர், அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் பீடத்தைத் தொடர்புகொண்டு ஐந்து விடயங்களை விசாரிக்க வேண்டுகிறேன். இந்தப் பட்டத்தில் பயிற்சி உண்டா, அது எந்த ஆண்டில் வருகிறது? இடத்தைப் பல்கலைக்கழகம் தேடித் தருமா, பிள்ளையே தேட வேண்டுமா? வேலைத்தலத்தில் மேற்பார்வை செய்வது யார், விரிவுரையாளர் எத்தனை முறை வந்து பார்ப்பார்? கொடுப்பனவும் தங்குமிட உதவியும் உண்டா? பிரச்சினை ஏற்பட்டால் அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கம் எது? பதில் தெளிவாகக் கிடைத்தால் நிம்மதியாக அனுப்புங்கள். தெளிவாகக் கிடைக்காவிட்டால் மீண்டும் கேளுங்கள். பெற்றோர் கேட்கத் தொடங்கினால் பீடங்களும் பதிலைத் தயார்படுத்தத் தொடங்கும்.

பயனுள்ள கல்வியைக் கேட்டு நாம் அனைவரும் துஆச் செய்கிறோம். அந்தப் பயன் பிள்ளையின் கையிலும் நாவிலும் வந்து சேர்வதற்கான வழிகளில் ஒன்று, நல்லவர் ஒருவரின் மேற்பார்வையில் அவள் வேலை பழகுவது. அத்தகைய நல்லவர்களைத் தேடிக் கொடுப்பது நம் எல்லோரதும் கடமை. வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக.